‘கையை’ என்று தொடங்கும் வரி

பதினோராவது தடவையும் அழுகை அதே இடத்தில்தான் வந்தது. ‘மூச்சு’ என்ற சொல்லில், ‘மூ’ முடிந்து ‘ச்சு’ விழுவதற்கு முன்னால், நேரம் தவறாத டவுன் பஸ் மாதிரி வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது. ஞானசிகாமணி ஹெட்போனைக் கழற்றி, பீரோவுக்குள்ளிருந்து தலையை வெளியே இழுத்து, தூ, என்ன கருமம் இது என்று வாய்விட்டே சொன்னார். வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. மணி மூன்றாகப் போகிறது, ஐந்துக்குள் பாட்டை அனுப்பியாக வேண்டும். ஃபேன் ஓடக்கூடாது, சன்னல் திறந்திருக்கக்கூடாது, சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றி வைத்துவிட வேண்டும், இத்தனையும் ஜெபின் சொன்னது. ஜெபின் வேதக்கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவர், நாற்பது வயது, குளியலறையில் பாடுகிறவர்களை எல்லாம் பாடகர் ஆக்கிவிடுவது என்று யூட்யூபில் ஒரு சேனல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். துணி நிறைய உள்ள இடம் பாருங்க அங்கிள், துணி எதிரொலியை உறிஞ்சிரும், பீரோவைத் திறந்து அதுக்குள்ள தலையை விட்டுப் பாடுங்க, ஸ்டுடியோ தோத்துப் போகும். சரி. இந்த வீட்டில் துணி நிறைய உள்ள இடம் ரஞ்சிதத்தின் பீரோதான். ஒரு வருஷமாகத் திறக்காத பீரோ. செத்துப்போன பெண்டாட்டியின் நினைவு ஆராதனைக்குப் பாட்டுப் பதிகிறேன் என்று அவள் புடவைகளுக்கு நடுவில் மூக்கை நுழைத்துக்கொண்டு, பனியனோடு, வியர்வை முதுகில் ஓட நிற்கிற ஆளை யாராவது சன்னல் வழியாகப் பார்த்தால் என்ன நினைப்பார்கள். நல்லவேளை, சன்னல் சாத்தியிருக்கிறது.

முதல் நாள் திறந்தபோது அந்துருண்டையும் அவள் பவுடரும் கலந்து ஒரு வாசம் வந்தது, மறுக்கவில்லை, நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுதான் போனது. இன்றைக்கு முகர்ந்தால் அது இல்லை. மூன்று நாளாய் அவர் வாயிலிருந்து போன காற்றுதான் இருக்கிறது, காலையில் தின்ற இட்லிப்பொடி, மத்தியானம் குடித்த மோர், பல் செட்டின் புளித்த நெடி. அவளை வெளியேற்றிவிட்டுத் தன் வாய்நாற்றம் குடியேறிவிட்டது என்று நினைத்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாயைப் பற்றி இந்த வயதில் இவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டி வரும் என்று அவர் எண்ணியதில்லை. முப்பது வருஷம் கோயில் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடியவர், நாலு பேரோடு சேர்ந்து பாடும்போது குரல் என்பது மேலே எங்கேயோ கூரையில் நடக்கிற காரியம். ஹெட்போனில்தான் தெரிகிறது அது வாயில் நடக்கிறது என்று. சளப். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு சளப், நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரிகிற சத்தம், சேற்றிலிருந்து மாடு காலைத் தூக்குகிற மாதிரி. அப்புறம் மூச்சு இழுக்கிற கொர். அப்புறம் ‘ப’ வரும்போதெல்லாம் மைக்கில் ஒரு குத்து. பச்சை ஆப்பிள் கடிச்சுட்டுப் பாடுங்க அங்கிள், எச்சில் சத்தம் நிக்கும் என்றார் ஜெபின். பச்சை ஆப்பிளுக்குப் பாளையங்கோட்டையில் எங்கே போவது, கொய்யாக்காயைக் கடித்தார், விதை பல் செட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் உயிரை வாங்கியது. மைக்குக்கு முன்னால் மெல்லிய துணி கட்டுங்க என்றார், அதற்கு ரஞ்சிதத்தின் எம்பிராய்டரி வளையம் அகப்பட்டது, பாதி தைத்த ஊதாப்பூவோடு. அவள் ஊசி நின்ற இடத்தில் நூல் இன்னும் தொங்குகிறது. அந்தப் பூவின் மேல்தான் மூன்று நாளாய் அவர் எச்சில் தெறித்துக்கொண்டிருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காய்ந்த புள்ளிகள் தெரிகின்றன. வேலையில் இருந்தபோது ஓட்டல் அடுப்படிகளில் இதைவிட எவ்வளவோ பார்த்தவர், சுகாதார ஆய்வாளர் என்றால் சும்மாவா, எண்ணெய்ச் சட்டியை மூக்கால் முகர்ந்தே எத்தனை நாள் எண்ணெய் என்று சொல்லிவிடுவார், சாக்கடை மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் சாப்பிட உட்காருவார். அந்த மனுஷனுக்கு இப்போது தன் எச்சில் தன்னைக் குமட்டுகிறது.

எச்சிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த வரி. பாட்டு எழுதுவது எப்படி என்றும் ஜெபினிடம் ஒரு வீடியோ இருந்தது, சனியன், அதையும் பார்த்துத் தொலைத்தார். முதலில் தத்தகாரம் போடுங்க, தானன்னா தானன்னா என்று மெட்டை முனகுங்க, வார்த்தை தானாக வந்து உட்காரும். உட்கார்ந்தது. அவள் சத்தமாகப் பேசியே அவர் கேட்டதில்லை, பால்காரனிடம்கூடப் பையத்தான் பேசுவாள், பையப் போங்க, பைய இறங்குங்க, பையச் சாப்பிடுங்க, நாள் முழுக்க அந்தப் ‘பைய’தான். ஆகவே ‘பையப் பையப் பேசிடுவாய் பாசமுள்ள ரஞ்சிதமே’ என்று முதல் வரி தானே விழுந்தது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அது அவள்தான். அடுத்த வரிக்குத்தான் எதுகை வேண்டியிருந்தது. பைய என்றால் தையல், வையம், மையல், ஐயன். தையல் என்று போட்டால் பாதியில் நின்ற ஊதாப்பூ ஞாபகம் வருகிறது. மையல் என்று நினைவு ஆராதனையில் பாடினால் பாதிரி ஐயர் எழுந்து போய்விடுவார். வையம், வையத்தில் என்ன இருக்கிறது. கேக்கறவங்க கண்ணுல ஒரு படம் தெரியணும் அங்கிள், கை, கண்ணீர், கட்டில், அந்த மாதிரி என்று வீடியோவில் ஜெபின் விரலை ஆட்டிச் சொன்னதும், ‘கையை’ வந்துவிட்டது. கையைப் பற்றி நானிருந்தேன் கடைசி மூச்சு போகையிலே. எதுகைக்கு எதுகை, கைக்கும் கடைசிக்கும் மோனை, கட்டிலும் கையுமாகப் படம். எழுதி முடித்து, அட, நமக்கும் வருதே என்று தொடையில் தட்டிக்கொண்டார். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போது தொடையைக் கிள்ளிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏனென்றால் அவர் கையைப் பற்றி இருக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள கடையில் பரோட்டா தின்றுகொண்டிருந்தார். நாலு பரோட்டா, அதில் இரண்டு முடிந்து மூன்றாவதைப் பிய்த்துப் போட்டு, இன்னும் கொஞ்சம் சால்னா ஊத்துப்பா என்று சொல்லிவிட்டு வாளிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேசையில் போன் நடுங்கி நடுங்கித் தானே ஒரு சுற்றுச் சுற்றியது. லில்லி. ரஞ்சிதத்தின் தங்கை லில்லி புஷ்பம், பகல் முழுக்க அவள்தான் கட்டில் பக்கம். கை எல்லாம் எண்ணெய்யா இருந்துச்சு, எடுக்க முடியல, கழுவிட்டு ஓடுதேன், அதுக்குள்ள போயிட்டா, என்றுதான் எல்லாரிடமும் சொன்னார், ஐயரிடம் சொன்னார், மகனிடம் துபாய்க்குப் போனில் சொன்னார், எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வலது கை எண்ணெய்தான். இடது கை? இடது கை தண்ணி டம்ளரைப் பிடித்துக்கொண்டு சும்மாதானே இருந்தது. ஒரு விரல் போதுமே. போன் நின்றது, மறுபடி நடுங்கியது, நின்றது, நடுங்கியது, ஆறு தடவை, அவர் அதைப் பார்த்துக்கொண்டே மென்றார். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று அவருக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தார். பெட்பேன் மாற்ற ஆள் வேண்டும், நர்ஸ் அகப்படவில்லை, அத்தான் ஒரு கை பிடிங்க. அன்றைக்குக் காலையில் இரண்டு தடவை பிடித்திருந்தார். அந்த நாற்றம் மீசையில் ஒட்டிக்கொண்டு கீழே வரைக்கும் கூடவே வந்திருந்தது. முப்பது வருஷம் ஊர்ச் சாக்கடையை எட்டிப் பார்த்தவனுக்குப் பெண்டாட்டியின் பெட்பேன் குமட்டியது. தின்னுட்டுப் போவோம், தின்ன பிறகு அதைத் தொட வேண்டாமே, அதுக்குள்ள நர்ஸ் வந்துருவா. இதுதான் நடந்தது. எண்ணெய்யும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அருவருப்பு. கழுவிவிட்டு மேலே போனபோது லில்லி கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் உட்கார்ந்து அக்காள் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. அதைத்தான் அவரால் ஒரு வருஷமாகச் செரிக்க முடியவில்லை. மூன்றாவது பரோட்டா செரித்துவிட்டது.

ஆனாலும் ஒன்று இருந்தது, ராத்திரி தூக்கம் பிடிக்காமல் புரளும்போதெல்லாம் அதைத்தான் பிடித்துக்கொள்வார். நான் இல்லாவிட்டால் என்ன, லில்லி இருந்தாள். கூடப்பிறந்தவள் கை, புருஷன் கையைவிட அதுதானே மெத்து. ரஞ்சிதம் தனியாகப் போகவில்லை. அந்தக் கை ஒன்றை வைத்துத்தான் அவர் இந்த வருஷத்தை ஓட்டியிருக்கிறார், மீன் வாங்கினார், தாடி மழித்தார், கோயிலில் டெனர் பாடினார். இப்போது என்னடாவென்றால் அந்தக் கையையும் பாட்டில் திருடித் தன் பேரில் எழுதிக்கொண்டாயிற்று. நாளைக்கு ஆராதனை முடிந்ததும் திரையில் ரஞ்சிதத்தின் போட்டோக்கள் ஓடும், பாட்டு ஓடும், கல்யாணப் போட்டோ, மகனின் ஞானஸ்நானப் போட்டோ, அப்படியே வந்து இரண்டாம் வரியில் ‘கையைப் பற்றி நானிருந்தேன்’. இருநூறு பேர் மூக்கை உறிஞ்சுவார்கள். உறிஞ்சட்டும், இருநூறு பேருக்கும் தெரியாது. மூன்றாவது பெஞ்சில் லில்லி உட்கார்ந்திருப்பாள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், ஒருநாளும் சொன்னதில்லை, குனிந்து கைக்குட்டையை நாலாக மடிப்பாள். அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது. இத்தனை தெரிந்தும் வரியை மாற்றாமல் பதினோரு தடவை பாடினாயே, அதற்கு என்ன பேர். நாலாவது டேக்கில் அழுகை நிஜமாகத்தான் வந்தது, சத்தியமாக வந்தது, அடக்கத்தின்போதுகூட வராதது, ‘மூச்சு’ என்ற இடத்தில் தொண்டை அடைத்து ‘ச்சு’ காற்றாகப் போனது. பயந்துபோய் அப்படியே ஜெபினுக்கு அனுப்பினார். அந்த அழுகை கிளாஸ் அங்கிள், எச்சில் சத்தம் மட்டும் இருக்கு, இன்னொரு டேக் போங்க, ஆனா அந்த அழுகையை மட்டும் விட்றாதீங்க என்று பதில் வந்தது, பக்கத்தில் கும்பிடுகிற கை இரண்டு. அவ்வளவுதான். ஏழாவது டேக்கில் அழுகை வருமா என்று காத்திருந்து வரவழைத்தார். ஒன்பதாவதில் வழி தெரிந்துவிட்டது. ‘மூ’வில் வயிற்றைத் தளர்த்திவிட்டு, அடித்தொண்டையை லேசாக மூடி, காற்றைக் கொஞ்சம் மூக்குக்கு அனுப்பினால் போதும், சுத்தமான அழுகை. பெண்டாட்டி ஞாபகம்கூடத் தேவையில்லை. போன் திரையில் அழுகை வந்த நாலு டேக்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார், குரல் கோடு மேலும் கீழும் ஆடிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நாலிலும் ஒரே மாதிரி ஒரு சின்னக் கொப்புளம். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷன். கலப்படம் பிடிக்கிற வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினவன்.

மாற்றிவிடலாம். வையம் போற்றும் நற்குணமே, கேட்டாலே கொட்டாவி வருகிறது. தையல் மிஷின் ஓசையிலே, அவளிடம் மிஷினே இல்லை. ஐயன் பாதம் சேர்ந்தாயே, இது எல்லார் நினைவு அட்டையிலும் இருக்கிறது. நாக்கு திரும்பத் திரும்பக் ‘கையை’யில்தான் போய் நிற்கிறது, அந்தக் கொய்யா விதை மாதிரி. மணி மூன்று பத்து ஆகியிருக்கும், கடிகாரத்தில்தான் பேட்டரி இல்லையே, போனில் பார்த்தார், மூன்று பன்னிரண்டு. சரியாக இந்த நேரம்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் மூன்று பத்து என்று எழுதியிருந்தார்கள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது, வந்ததும் உடம்பே லேசானது, இவ்வளவு நேரம் ஏன் தோன்றவில்லை. வரி பொய்யில்லை, வாய்தான் தப்பு. அந்த வரியை லில்லி பாடட்டும். அவள் வாயில் அது சத்தியம். அவளும் கோயிலில் பாடுகிறவள்தான், அவள் வீட்டுப் பீரோவைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பாடி அனுப்பினால் ஜெபின் ஒட்டிவிடுவார். திருடியதைத் திருப்பிக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று. யோசித்தால் தைரியம் போய்விடும் என்று உடனே போன் அடித்தார். இடது கையால்.

எடுத்ததும் லில்லி, சாப்பிட்டியளா அத்தான் என்றாள், நாளைக்கு வெள்ளைச் சட்டை போடுங்க, சந்தனக் கலர் போட்டோவில் மங்கலாத் தெரியும் என்றாள். அவர் பாட்டைப் பற்றிச் சொன்னார், ஒரே ஒரு வரி நீ பாடணும் லில்லி என்று சொல்லி, மெட்டில்லாமல், வெறும் வார்த்தையாக அந்த வரியைப் படித்தார். அவள் வீட்டில் குக்கர் ஒரு விசில் விட்டது.

“அது நீங்க பாட வேண்டிய வரில்லா அத்தான்?”

“நான் எங்க பிடிச்சேன்? கீழ பரோட்டா தின்னுக்கிட்டு இருந்தேன். நீ போன் போட்டதை ஆறு தடவையும் பாத்தேன். பெட்பேனுக்குத்தான் நீ கூப்பிடுதேன்னு நினைச்சு எடுக்கல.” சொல்லிவிட்டார். ஒரு வருஷமாக மென்றது வாயிலிருந்து விழுந்துவிட்டது, இத்தனை சின்னதா அது என்று இருந்தது. “நீதான அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தே. அதான் நீ பாடுன்னு சொல்லுதேன்.”

குக்கர் இரண்டாவது விசிலும் விட்டது. அவள் போய் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது, திரும்பி வந்து எடுத்தாள்.

“நானும் பிடிக்கல அத்தான்.”

“என்ன சொல்லுதே?”

“வார்டுக்குள்ள சிக்னல் எடுக்காதுல்லா. அக்கா மூச்சு ஒரு மாதிரி இழுக்கவும் நான் வெளிய படிக்கட்டுக்கு ஓடுனேன். அங்க நின்னுதான் உங்களுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன்.”

“நான் வந்தப்ப நீ கையைப் பிடிச்சுக்கிட்டுல்லா உக்காந்திருந்தே?”

“அது பொறவு அத்தான். கை குளுந்த பொறவு.”

அதற்குப் பிறகு அவள்தான் பேசினாள், பைய, அக்காள் மாதிரியே. கூட நீயாவது இருந்தியே லில்லி என்று எல்லாரும் சொன்னார்களாம், நீங்களும்தான் சொன்னீர்கள், அடக்கத்தன்று சொன்னீர்கள், ஈஸ்டருக்குச் சொன்னீர்கள், ஒவ்வொரு தடவையும் சும்மா தலையை ஆட்டிவிட்டேன், இப்போது அதைப் பாட்டாக வேறு பாடச் சொன்னால் எப்படி அத்தான், என்னால் முடியாது. வெள்ளைச் சட்டை என்று மறுபடி ஒருமுறை சொன்னாள். வைத்துவிட்டாள்.

ஞானசிகாமணி கட்டிலில் உட்கார்ந்தார். ஆறு தடவை. ஒரு தடவை எடுத்திருந்தால் அவள் உள்ளே ஓடியிருப்பாள். முதல் தடவையே எடுத்து, வாரேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், மேலே ஏறி வரவேண்டியதுகூட இல்லை, லில்லி கட்டிலுக்குத் திரும்பியிருப்பாள், ஒரு கை இருந்திருக்கும். அவர் இல்லாமல் போனதோடு நிற்கவில்லை, இருந்தவளையும் படிக்கட்டில் நிற்கவைத்துவிட்டார். சால்னாவுக்காக. அந்த வார்டின் பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டு ரஞ்சிதம் யாரை நினைத்திருப்பாள், பையக் கூப்பிட்டிருப்பாள், அவள் கூப்பிட்டால் கட்டிலைத் தாண்டிக் கேட்காதே. கர்த்தரே, அவளுக்குச் சத்தமாகக் கூப்பிடத் தெரியாதே. வாஷ்பேசினுக்குப் போய்க் குனிந்தார், மோர்தான் வந்தது, பல் செட்டைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் நிற்கிற வாயிலிருந்து, அவர் தேடாமலே, வரி வந்துவிட்டது. கையைப் பற்ற யாருமில்லை கடைசி மூச்சு போகையிலே. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், கெட்ட பழக்கம், நிற்கமாட்டேன் என்கிறது. எதுகை கெடவில்லை. மோனை கெடவில்லை. மெட்டில் ஒரு அசைகூடக் கூடவில்லை, குறையவில்லை. மூன்று நாளாய் அவர் தேடியது இரண்டே சொல்தான், அது இதற்காகவே செய்துவைத்தது மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு பொருத்தமாக அமைந்ததுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

பீரோவுக்குள் தலையை விட்டார். ஊதாப்பூவுக்குப் பின்னால் மைக்கின் சிவப்புப் புள்ளி எரிந்தது. முதலிலிருந்து பாடினார், சளப்போடு, கொர்ரோடு. ‘மூச்சு’ வந்தது. தொண்டை பழக்கத்தில் மூடப் பார்த்தது, மூடாதே என்றார், மூடவில்லை, வெறும் ‘மூச்சு’ தரையில் போட்ட பாத்திரம் மாதிரி மொட்டையாக விழுந்தது. கேட்டுக்கூடப் பார்க்காமல் ஜெபினுக்கு அனுப்பினார். மணி நாலேகால். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அங்கிள் சூப்பர், எச்சில் சத்தத்தை நான் கழுவிடுதேன், ஆனா ‘மூச்சு’ல அந்த அழுகை இல்லையே, இன்னொரு டேக் போகலாமா, அஞ்சு வரைக்கும் நேரம் இருக்கு. வரி மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாட்டைக் கேட்டிருக்கிறார், முழுதாகக் கேட்டிருக்கிறார், சொல் காதில் விழவில்லை. நாளைக்கு இருநூறு பேருக்கும் விழாது. மூன்றாவது பெஞ்சுக்கு மட்டும் விழும். வேண்டாம் ஜெபின், இதுவே இருக்கட்டும் என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பிவிட்டு, ஃபேனைப் போட்டார். பீரோவுக்குள் புடவைகள் பைய அசைந்தன. போனைக் கட்டிலில் வைத்துவிட்டு இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது.